ஹாதிஸா: ஒரு விபத்துச் சொல்லின் பொருளும் பிறப்பும்

2023 ஜூன் 2ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, சென்னை நோக்கி வந்துகொண்டிருந்த கோரமண்டல் விரைவு ரயில் ஒடிசா மாநிலம் பாலசோர் அருகிலுள்ள பஹானகா பஜார் நிலையத்தில், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. கவிழ்ந்த பெட்டிகள் எதிர்த்தடத்தில் சென்ற ஹவுரா ரயிலையும் சிதைத்தன. 296 உயிர்கள் பறிபோயின. மறுநாள் காலை அகீதா பாடம் தொடங்கும்முன், வாணியம்பாடிப் பகுதியைச் சேர்ந்த, வீட்டில் உருது பேசும் மாணவர் ஒருவர் எழுந்து நின்றார்.

"ஹஜ்ரத், 'உலகம் ஹாதிஸ்' என்று பாடத்தில் படிக்கிறோம். ரயில் கவிழ்ந்தால் எங்கள் வீட்டில் 'ஹாத்ஸா' என்கிறார்கள். இன்றைய உருதுச் செய்தி முழுவதும் அந்தச் சொல்தான். இரண்டும் ஒன்றா? ஒன்றென்றால், உலகம் படைக்கப்பட்டதற்கும் ரயில் கவிழ்ந்ததற்கும் என்ன உறவு?"

இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்தவை என்று மட்டும் அன்று சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டேன். அது விடையாகாது என்பது எனக்கே தெரிந்திருந்தது. இறந்தவர்களுக்காக வகுப்பு முழுவதும் துஆச் செய்த காலையில் எழுந்த கேள்விக்கு இன்னும் சற்று விரிவான விடை கடமைப்பட்டிருக்கிறது. அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

வேரும் கிளைகளும்

ஹா, தால், ஸா ஆகிய மூன்று எழுத்துகளால் அமைந்த வேர் இது. அரபுச் சொற்களின் மூலப் பொருளை ஆராய்ந்த மொழியறிஞர் இப்னு ஃபாரிஸ் (இறப்பு ஹிஜ்ரி 395), தம் 'மகாயீஸுல் லுகா' என்னும் அகராதியில் சில வேர்களுக்கு இரண்டு, மூன்று என அடிப்படைப் பொருள்களைப் பிரித்துக் காட்டுவார். இந்த வேருக்கு அவர் தருவது ஒன்றே ஒன்றுதான். முன்பு இல்லாதிருந்த ஒன்று உண்டாதல் என்பதே அது. 'லிஸானுல் அரப்' தந்த இப்னு மன்ளூரும் (இறப்பு ஹிஜ்ரி 711) 'ஹுதூஸ்' என்பதைத் தொன்மைக்கு எதிர்ச்சொல்லாகவே நிறுத்துகிறார்.

இந்த ஒரே பொருளிலிருந்து கிளைத்த சொற்கள் நம் அன்றாட வாழ்வில் நிறைந்திருக்கின்றன. 'ஹதீஸ்' என்றால் புதியது. பேச்சும் ஹதீஸ் எனப்பட்டது. ஒரு சொல்லுக்குப் பின் ஒரு சொல்லாக அது புதிது புதிதாகத் தோன்றிக்கொண்டே இருப்பதுதான் அதற்குக் காரணம் என்பர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல், செயல், அங்கீகாரம் பற்றிய அறிவிப்புக்கு அச்சொல் உரித்தானது அதன் சிறப்பு வழக்கு. இளம் வயதினனும் அரபியில் 'ஹதஸ்'தான். உலகுக்குப் புதிதாக வந்தவன் அவன். ஒளுவை முறிக்கும் நிலையும் 'ஹதஸ்'. அதைத்தான் நாம் சிறுதொடக்கு, பெருந்தொடக்கு என்கிறோம். தூய்மையாக இருந்தவரிடம் புதிதாக ஏற்பட்ட நிலை அது. மார்க்கத்தில் புதிதாக நுழைக்கப்பட்டது 'முஹ்தஸ்'. இன்றைய அரபு இலக்கிய உலகம் நவீனத்துவத்தை 'ஹதாஸா' என்று அழைக்கிறது. பள்ளிவாசலின் ஹவுள் முதல் கெய்ரோவின் கவியரங்கம் வரை ஒரே வேர் ஓடுகிறது.

இவ்வேரின் வினையாலணையும் பெயரே 'ஹாதிஸ்'. நிகழ்வது, தோன்றுவது என்று பொருள். பெண்பால் ஈறு பெற்றுப் பெயராக நின்றால் 'ஹாதிஸா'. அதன் பன்மை 'ஹவாதிஸ்'. பாரசீகத்திலும் உருதிலும் 'ஸா' என்னும் எழுத்தின் தனி ஒலி மறைந்து சாதாரண 'ஸ' ஆகிவிடும். நடு உயிரும் பேச்சில் தேய்ந்து 'ஹாத்ஸா' ஆயிற்று. இந்தி நாளேடுகளும் இன்று தயக்கமின்றி எடுத்தாளும் 'ரேல் ஹாத்ஸா' இப்படித்தான் பிறந்தது.

நிகழ்ச்சி எப்படித் துயரமாயிற்று?

வேரில் துன்பம் என்ற சாயலே இல்லை. குழந்தை பிறப்பதும் ஹாதிஸ்தான். மழை பெய்வதும் ஹாதிஸ்தான். ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டின் எகிப்திய வரலாற்றாசிரியர் இப்னு தக்ரீபிர்தீ தம் நூல் ஒன்றுக்கு 'ஹவாதிஸுத் துஹூர்' என்று பெயரிட்டார். காலங்களின் நிகழ்ச்சிகள் என்பதே அதன் பொருள். பதவியேற்பும் பஞ்சமும் அதில் ஒருங்கே இடம்பெறும்.

ஆயினும் பழைய அரபு வழக்கிலேயே 'ஹவாதிஸுத் தஹ்ர்' என்ற தொடர், காலம் மனிதன்மேல் இறக்கும் இடிகளைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. இதைப் புரிந்துகொள்ள நாம் அரபுநாடு வரை செல்ல வேண்டியதில்லை. இரவு நேரத்தில் தொலைபேசி மணி அடித்தால், "ஏதாவது நடந்துவிட்டதா?" என்று பதறுகிறோம். நடப்பது நல்லதாகவும் இருக்கலாம் என்பது அந்த நொடியில் நமக்குத் தோன்றுவதில்லை. நலமாக இருக்கும் நாளை நாம் ஒரு நிகழ்ச்சியாகவே கருதுவதில்லை. நலம் குலையும்போதுதான் ஏதோ 'நடந்ததாக' உணர்கிறோம். தமிழில் 'நடந்தது' என்ற சொல் ஏற்கும் அதே நிழலைத்தான் அரபியில் 'ஹாதிஸா' ஏற்றது. பிற்காலத்தில் அச்சு ஊடகம் வந்தபோது, எகிப்திய நாளேடுகளில் குற்றச்செயல்களும் விபத்துகளும் இடம்பெறும் பக்கத்துக்கு 'ஹவாதிஸ்' என்றே பெயர் அமைந்தது.

இருப்புப்பாதை வந்தபோது

அரபுலகில் முதலில் இருப்புப்பாதை கண்ட நாடு எகிப்து. ஆட்சியாளர் முதலாம் அப்பாஸ் 1851இல் ஆங்கிலப் பொறியாளர் ராபர்ட் ஸ்டீபன்சனுடன் ஒப்பந்தம் செய்தார். 1854இல் அலெக்சாந்திரியாவிலிருந்து முதற்பகுதி திறக்கப்பட்டது. 1856இல் பாதை கெய்ரோவை எட்டியது.

புதிய வாகனத்துக்கு அரபுமொழி புதிய சொல்லைத் தேடி அலையவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கயிற்றால் பிணைக்கப்பட்டுச் செல்லும் ஒட்டக வரிசைக்குப் பாலைவனத்தில் 'கிதார்' என்று பெயர். பெட்டிகள் பிணைந்து செல்லும் ரயிலுக்கு அதுவே பெயராயிற்று. மரக்கிளையையும் கோலையும் குறித்த 'களீப்' என்ற சொல்லின் பன்மையாகிய 'குள்பான்' தண்டவாளத்தைக் குறித்தது. ரயில் தடம் புரண்டால் 'குள்பானைவிட்டு வெளியேறியது' என்பர். இரண்டு ரயில்கள் மோதினால் 'தஸாதும்'. அதன் வேரிலிருந்து வந்த 'ஸத்மா' என்ற சொல் நமக்குப் பழக்கமானது. துயரம் தாக்கும் முதல் கணத்தில் கொள்ளும் பொறுமையே பொறுமை என்ற கருத்துடைய ஹதீஸில் 'முதல் அடி' என்பதற்கு ஆளப்பட்ட சொல் அதுவே. உருதில் 'ஸத்மா' மனத்தின்மேல் விழும் அடியைக் குறிக்கும். உலோகத்தின் மோதலும் உள்ளத்தின் மோதலும் ஒரே வேரில் பிறந்தவை.

இவை தனித்தனி வகைகள். இவை அனைத்தையும் அடக்கும் பொதுப்பெயராக 'ஹாதிஸ்', 'ஹாதிஸா' நிலைபெற்றன. 'ஹாதிஸ் கிதார்' என்றால் இன்று அரபுலகெங்கும் ரயில் விபத்துதான்.

எகிப்தின் இருப்புப்பாதை தன் தொடக்க ஆண்டுகளிலேயே ஒரு பெரும் ஹாதிஸாவைக் கண்டது. கஃப்ருஸ் ஸய்யாத் என்னுமிடத்தில் நைல் நதியைக் கடக்கப் பாலம் அப்போது முடிந்திருக்கவில்லை. ரயில் பெட்டிகளை மிதவையில் ஏற்றி அக்கரை சேர்ப்பார்கள். 1858 மே மாதம், அலெக்சாந்திரியாவில் விருந்து முடித்துத் திரும்பிய அரச குடும்பத்தினரின் பெட்டி மிதவையிலிருந்து நழுவி ஆற்றில் விழுந்தது. பட்டத்து வாரிசாகிய இளவரசர் அஹ்மத் ரிஃப்அத் மூழ்கி இறந்தார். உடன் சென்ற இளவரசர் ஹலீம் உயிர் தப்பினார். வாரிசுரிமை இஸ்மாயீலுக்குச் சென்றது. 1863இல் அவர் ஆட்சிக்கு வந்தார். அவர் காலத்தில்தான் 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது. அவர் வாங்கிக் குவித்த கடனே எகிப்தின் நிதியை அந்நியர் கைக்குள் தள்ளியது. ஒரு பெட்டி நழுவியதில் ஒரு நாட்டின் அரசுரிமை கைமாறியது. முன்பு இல்லாதிருந்த ஒன்றை உலகில் உண்டாக்குவது ஹாதிஸா என்ற அகராதிப் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

பிற மொழிகள் தேர்ந்த வழி

இதே நிகழ்ச்சிக்குப் பிறமொழிகள் என்ன பெயர் சூட்டின என்று பார்ப்பது பயனுடையது. ஒவ்வொரு பெயரிலும் ஒரு கருத்து மறைந்திருக்கிறது.

ஆங்கிலத்தின் 'ஆக்சிடென்ட்' இலத்தீன் மொழியில் 'மேலே வந்து விழுதல்' என்ற பொருளுடைய வினையிலிருந்து வந்தது. தத்துவ உலகில் அதற்கு இன்னொரு வாழ்வும் உண்டு. ஒரு பொருளின் சாரமாக அமையாமல் அதன்மேல் வந்து சேரும் பண்பை அரிஸ்டாட்டில் ஒரு கலைச்சொல்லால் குறித்தார். அதை இலத்தீனர் 'ஆக்சிடென்ஸ்' என்றும் அரபு மொழிபெயர்ப்பாளர்கள் 'அரள்' என்றும் பெயர்த்தனர். ஜவ்ஹர், அரள் என்று கலாம் நூல்களில் நம் மாணவர்கள் படிப்பது இதுவே. ஆகவே ஆங்கிலச் சொல்லின் அடியில், இது சாரத்தைச் சேர்ந்ததன்று, தற்செயலாக வந்து ஒட்டியது என்ற எண்ணம் படிந்திருக்கிறது.

நம் தமிழின் 'விபத்து' வடமொழியின் 'விபத்' என்பதன் வடிவம். 'பத்' என்னும் வினைக்குச் செல்லுதல், விழுதல் என்று பொருள். ஆபத்து, சம்பத்து ஆகியவையும் அதே வினையில் பிறந்தவையே. முன்னொட்டு மாறினால் செல்வமாகிறது, மாறினால் கேடாகிறது. இலத்தீனும் வடமொழியும் தொலைவில் இருந்தாலும் 'விழுதல்' என்ற ஒரே படிமத்தை நாடியிருக்கின்றன.

உருதிலும் பாரசீகத்திலும் ஹாதிஸாவுக்கு இணையாக வழங்கும் இன்னொரு சொல் 'ஸானிஹா'. வேட்டைக்குச் செல்பவனின் குறுக்கே ஒரு குறிப்பிட்ட பக்கமாகக் கடந்து செல்லும் விலங்கையோ பறவையையோ அரபியர் 'ஸானிஹ்' என்றனர். அதைக் கொண்டு சகுனம் பார்த்தனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பறவைச் சகுனத்தை ஒழித்தார்கள். சொல் மட்டும் எஞ்சிப் பேரிழப்பின் பெயராகத் தங்கிவிட்டது.

இவை எல்லாவற்றிலும் சிந்தனைக்குரியது துருக்கி மொழியின் தேர்வு. அங்கு விபத்துக்குப் பெயர் 'கஸா'. ரயில் விபத்து 'த்ரென் கஸாஸி'. இந்தக் கஸா வேறெதுவும் இல்லை. நாம் 'களா கத்ர்' என்று ஈமானில் நம்பும் அதே 'களா'தான். தவறிய தொழுகையைப் பின்னர் நிறைவேற்றுவதும் களா, தீர்ப்பு வழங்குபவர் காளி. தீர்த்து முடித்தல் என்ற பொருளுடைய அந்தச் சொல் துருக்கியில் சாலையிலும் தண்டவாளத்திலும் நிகழும் விபத்துக்கே பெயராகிவிட்டது.

இந்தப் பெயர் வெறும் அகராதிச் செய்தியாக நின்றுவிடவில்லை. 2018 ஜூலை 8ஆம் நாள் துருக்கியின் சோர்லு அருகே, மழைநீரில் தண்டவாளத்தின் அடிமண் அரிக்கப்பட்ட இடத்தில் ரயில் தடம் புரண்டு 25 பேர் மாண்டனர். பிள்ளைகளை இழந்த குடும்பத்தினர் ஆண்டுக்கணக்கில் நீதிமன்ற வாயிலில் நின்றனர். அவர்களின் முழக்கத்தின் சாரம் இதுதான்: இதைக் கஸா என்று அழைக்காதீர்கள், இது கொலை. 2024இல் நீதிமன்றம் ரயில்வே அதிகாரிகள் பலருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அந்தக் குடும்பத்தினர் போராடியது ஒரு தீர்ப்புக்காக மட்டுமில்லை, ஒரு சொல்லை மாற்றுவதற்காகவும்தான்.

ஹாதிஸ் கேட்கும் கேள்வி

இங்கிருந்து அகீதா பாடத்துக்குத் திரும்புவோம். கலாம் அறிஞர்கள் உள்ளவற்றை இரண்டாகப் பகுப்பர். தொடக்கமில்லாதவன் கதீம், அவன் அல்லாஹ் ஒருவனே. தொடக்கம் உள்ளவை ஹாதிஸ். அவை உலகமும் உலகிலுள்ள அனைத்தும்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் (இறப்பு ஹிஜ்ரி 505) 'அல்-இக்திஸாத் ஃபில் இஃதிகாத்' என்னும் நூலில் இறைவனின் உண்மையை நிறுவும் வாதத்தை இரண்டு அடிகளின் மேல் எழுப்புகிறார்கள். ஹாதிஸ் ஒவ்வொன்றும் தோன்றுவதற்கு ஒரு காரணம் உண்டு என்பது ஓர் அடி. உலகம் ஹாதிஸ் என்பது மற்றோர் அடி. ஆகவே உலகுக்குக் காரணன் உண்டு என்பது முடிவு.

முதல் அடியை அவர்கள் விளக்கும் முறை நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஹாதிஸ் என்பது இருக்கவும் கூடும், இல்லாதிருக்கவும் கூடும். இரண்டும் தராசின் இரு தட்டுகள் போலச் சமமாக நிற்கும். இல்லாமை என்னும் தட்டு தாழ்ந்திருந்த நிலை மாறி உண்மை என்னும் தட்டு தாழ்ந்தால், அதைத் தாழ்த்திய ஏதோ ஒன்று இருந்தே தீர வேண்டும். அதை 'முரஜ்ஜிஹ்' என்பர். தாழ்த்துவோன் இல்லாமல் தட்டு தாழ்ந்தது என்பவர் அறிவுக்கு ஒவ்வாததைச் சொல்கிறார்.

மாணவரின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. உலகத் தோற்றத்தையும் ரயில் கவிழ்வதையும் இணைப்பது இந்த ஒரு விதிதான். இல்லாதிருந்தது உண்டாயிற்று என்றால் உண்டாக்கியது எது என்ற கேள்வியும் உடன் பிறக்கிறது. 'ஆக்சிடென்ட்' என்ற சொல் தற்செயல் என்று கூறிக் கேள்வியை முடித்து வைக்கலாம். துருக்கியின் 'கஸா' தீர்ப்பு என்று கூறி முடித்து வைக்கலாம். 'ஹாதிஸா' அப்படி முடித்து வைக்க இடம் தராது. செய்தித்தாள் வழக்கில் அதுவும் இன்று எளிதில் கடந்து செல்லும் சொல்லாகிவிட்டது என்பது உண்மையே. ஆனால் தன் பிறப்பிலேயே காரணத்தைத் தேடச் சொல்லும் சொல் அது.

களாவின் பெயரால்

இங்கே நம்மவர் சிலர் ஓர் ஐயம் எழுப்பக்கூடும். உண்மையான காரணன் அல்லாஹ்வே என்பதுதானே அஷ்அரிய்யாக்களின் கொள்கை? நெருப்புக்கும் பஞ்சு எரிவதற்கும் உள்ள தொடர்பு கட்டாயத் தொடர்பன்று என்று இமாம் கஸ்ஸாலீ அவர்களே 'தஹாஃபுத்'தில் வாதிட்டிருக்கிறார்களே? அப்படியிருக்க, கம்பியையும் சிக்னலையும் ஏன் விசாரிக்க வேண்டும்?

இமாமவர்கள் மறுத்தது கட்டாயத்தைத்தான், ஒழுங்கை மறுக்கவில்லை. பஞ்சும் நெருப்பும் சேர்ந்தால் எரிவது இறைவன் உலகில் அமைத்த வழக்கம். அதை 'ஆதத்' என்பர். மனிதர் அந்த வழக்கத்தை அறிந்து நடக்கக் கடமைப்பட்டவர்கள். பிறர் பஞ்சுப் பொதியில் நெருப்பு வைத்தவன் "எரித்தவன் இறைவன்" என்று சொல்லித் தப்பிய வழக்கு எந்தக் காளியின் முன்பும் எடுபடாது.

திருக்குர்ஆன் துன்பத்துக்கு ஆளும் சொல் 'முஸீபத்'. எய்த அம்பு இலக்கில் படுதல் அதன் வேர்ப்பொருள். நம் வீடுகளில் 'முஸீபத்து' என்று வழங்குவதும் இதுவே. அந்தச் சொல் 57ஆம் அத்தியாயம் 22ஆம் வசனத்தில், நேர்வதெல்லாம் முன்பே பதிவாகியிருக்கிறது என்ற கருத்துடன் வருகிறது. 42ஆம் அத்தியாயம் 30ஆம் வசனத்தில், நேர்வது மனிதரின் கைகள் ஈட்டியதால்தான் என்ற கருத்துடன் வருகிறது. முதல் வசனம் இழந்தவரின் இதயத்துக்கு ஆறுதல். இரண்டாவது, செய்தவரின் கைகளுக்குக் கணக்கு. ஆறுதலுக்குரிய வசனத்தை எடுத்துக் கணக்குக் கேட்கும் இடத்தில் வைப்பது நேர்மையன்று.

ஹிஜ்ரி 18இல் அம்வாஸ் கொள்ளைநோய் பரவியபோது, ஷாம் நாட்டு எல்லைவரை வந்த உமர் (ரளி) அவர்கள் படையுடன் திரும்ப முடிவு செய்தார்கள். இறைவனின் விதியிலிருந்து தப்பி ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரளி) அவர்கள் வினவினார்கள். ஆம், அவனுடைய ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரளி) அவர்கள் விடையளித்தது நாம் அறிந்ததே. எச்சரிக்கையும் விதியின் பகுதிதான் என்பதே அதன் படிப்பினை.

ஃபிக்ஹு காட்டும் நுட்பம்

ரயிலைக் கனவிலும் காணாத காலத்து ஃபுகஹாக்கள் மோதல்களைப் பற்றித் தனியே பேசியிருக்கிறார்கள். அதற்கு 'இஸ்திதாம்' என்று பெயர். மேலே கண்ட 'தஸாதும்' பிறந்த அதே வேர். இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' ஓதியவர்களுக்கு இது நினைவிருக்கும். குதிரையில் வந்த இருவர் நோக்கமின்றி மோதி இருவரும் இறந்தால், ஒவ்வொருவரின் தந்தைவழிச் சுற்றத்தாரும் மற்றவருக்குரிய தியத்தில் பாதியை வழங்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. ஒவ்வொருவரும் தம் செயலாலும் மற்றவர் செயலாலும் இறந்திருக்கிறார் என்பது அதன் நியாயம். முழுத் தியத் என்பது ஹனஃபீ மத்ஹபின் நிலை. இரண்டிலும், நோக்கம் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்ற முடிவுக்கு யாரும் வரவில்லை.

அடுத்து வருவது இரு கப்பல்களின் மோதல். மாலுமிகள் குதிரை வீரர்களைப் போன்றவர்களே. ஆனால் காற்று அவர்களை மீறி மோதச் செய்திருந்தால் பொறுப்பில்லை என்பது வலுவான கருத்து. விரிவுரையாளர்கள் இங்கே நிறுத்தாமல், எப்போது காற்றைக் காரணம் காட்ட முடியாது என்பதையும் விளக்குகிறார்கள். கட்டுப்படுத்த இயன்றும் அசட்டையாக இருந்தால், கப்பல்கள் செல்லத் தகாத கடுங்காற்றில் செலுத்தியிருந்தால், வேண்டிய கருவிகளை நிறைவாக வைத்திராவிட்டால் அவர்கள் பொறுப்பாளிகளே. இயற்கையின் பங்கு எது, மனிதனின் பங்கு எது என்று பிரிக்கும் இந்த மூன்று கேள்விகளையும் இன்றைய எந்த ரயில் விபத்தின் முன்பும் அப்படியே வைக்கலாம்.

ஹனஃபீ நூல்களில் இன்னொரு காட்சி வருகிறது. உறங்குபவன் புரண்டு படுத்து அருகிலிருந்தவர் இறந்தால் அது தவறுதலான கொலையின் வரிசையில் சேர்க்கப்பட்டு, தியத்தும் கஃப்பாராவும் விதிக்கப்படுகின்றன. உறக்கத்தில் நோக்கம் ஏது? ஆயினும் போன உயிர் கணக்கின்றிப் போய்விடக் கூடாது என்பதே நோக்கு. தவறுதலான கொலைக்கு நட்டஈட்டையும் கஃப்பாராவையும் வகுத்த 4ஆம் அத்தியாயம் 92ஆம் வசனமே இதன் அடித்தளம்.

1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்த 'மஜல்லா' சட்டத்தொகுப்பு இதைப் பொது விதிகளாக்கியது. நேரடியாகச் செய்தவர் நோக்கமின்றிச் செய்தாலும் பொறுப்பாளி. மறைமுகக் காரணமானவர் வரம்பு மீறியிருந்தால் பொறுப்பாளி. பொதுவழியில் அனுமதியின்றிக் குழி தோண்டியவன், விழுந்தவருக்கு ஈடு செலுத்த வேண்டும் என்பது இதற்கு ஃபுகஹாக்கள் காட்டும் பழைய உதாரணம். குழி தோண்டியவன் விபத்து நடந்த இடத்தில் இருக்கமாட்டான். வீட்டில் உறங்கிக்கொண்டிருப்பான். அவனையும் தேடிச் செல்கிறது சட்டம்.

இந்தியாவின் 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 124ஆம் பிரிவும், ரயில்வேயின் தவறு இருந்ததா இல்லையா என்று பாராமல் விபத்தில் மாண்டவரின் குடும்பத்துக்கு இழப்பீடு வழங்க வேண்டும் என்கிறது. 2017 முதல் அத்தொகை 8 இலட்சம் ரூபாய். ஆனால் இழப்பீடு ஒரு கடமை, காரணத்தைக் கண்டறிவது இன்னொரு கடமை. ஒன்றைச் செய்துவிட்டதால் மற்றது நிறைவேறிவிடாது.

இரண்டு விசாரணைகள்

2002 பிப்ரவரி 20ஆம் நாள், பெருநாளுக்காகச் சொந்த ஊர் திரும்பிய ஏழைகள் நெருக்கியடித்து ஏறிய கெய்ரோ–லக்சர் ரயிலில் அல்-அய்யாத் அருகே தீப்பற்றியது. 360க்கும் மேற்பட்டோர் கருகினர். போக்குவரத்து அமைச்சர் பதவி விலகினார். ரயில்வே ஊழியர்கள் 11 பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அதே ஆண்டில் நீதிமன்றம் அவர்கள் அனைவரையும் விடுவித்தது. கீழ்நிலையில் இருந்தவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எளிது. குழி தோண்டியவனைத் தேடுவது கடினம்.

பாலசோரில் என்ன நடந்தது? ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அறிக்கை தெளிவாகவே கூறியது. பிரதான தடத்தில் செல்ல ரயிலுக்குப் பச்சை விளக்கு கிடைத்தது. தண்டவாளமோ சரக்கு ரயில் நின்ற கிளைத்தடத்துக்குத் திரும்பியிருந்தது. லெவல் கிராசிங் தடுப்புக் கதவை மாற்றும் பணியின்போது சிக்னல் மின்சுற்றில் செய்த தவறான இணைப்பும், முன்னரே செய்த மாற்றங்களில் இருந்த குறைபாடுகளும் அதற்குக் காரணம். 2022 மே மாதத்தில் அதே கரக்பூர் கோட்டத்தில் தவறான மின் இணைப்பால் இத்தகைய கோளாறு ஒன்று நேர்ந்திருந்தது. அப்போதே திருத்தியிருந்தால் பஹானகாவில் இது நடந்திராது என்றும் அந்த அறிக்கை குறிப்பிட்டது.

கலாம் மொழியில் சொன்னால் முரஜ்ஜிஹ் அங்கே பெயருடன், ஊருடன், மாதத்துடன் எழுதப்பட்டிருக்கிறது. தட்டு தானாகத் தாழவில்லை.

அந்த மாணவர் இப்போது பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார். எங்கோ ஒரு மிஹ்ராபில் நின்று தொழவைத்துக்கொண்டிருப்பார். ஜனாஸா வீடுகளுக்கும் செல்வார். "எல்லாம் களா கத்ர்" என்று அங்கே ஆறுதல் கூறுவார், கூறத்தான் வேண்டும். ஆனால் சாலையிலோ தண்டவாளத்திலோ உயிரிழந்தவரின் பிள்ளைகள் "எப்படி நடந்தது?" என்று அவரிடம் கேட்டால், அந்தக் கேள்வியைப் பொறுமையின்மை என்று எண்ணி அடக்கிவிடக் கூடாது. அது ஹாதிஸ் என்ற சொல்லுக்குள்ளேயே இருக்கும் கேள்வி. அகீதாவின் முதல் பாடத்தில் நாம் அவருக்குக் கற்பித்ததும் அதுவே.